ஓடுவது வேறு, நிலைத்து ஓடுவது வேறு



சென்ற மாதம் சுங்கை வேயில் ஒரு வீட்டுக்குப் பஞ்சாயத்துப் பேசப் போக வேண்டியதாயிற்று. என்னிடம் ஆறாம் ஆண்டு வரை பயின்று இப்போது படிவம் இரண்டில் இருக்கும் மாணவன் ஒருவன், வீட்டுக் கணினியின் செயலியை ‘ஓவர்கிளாக்’ செய்துவிட்டான். அதாவது, உற்பத்தியாளர் குறித்த வேகத்திற்கும் மேலாக அது ஓடும்படி அமைப்பை மாற்றிவிட்டான். ‘மிகைத்துடிப்பு’ என்று சொல்லலாமா? நல்ல சொல் அறிந்தவர்கள் தெரிவியுங்கள்.

மறுவாரம் அவனுடைய அக்காள் கல்லூரிக்காகச் சேமித்திருந்த கோப்பு திறக்கவில்லை. அப்பா கணினியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். “டீச்சர், இவன் நல்லா இருந்ததக் கெடுத்துட்டான். நீங்களே கேளுங்க” என்றார்.

நான் அவனைக் கடிந்துகொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கு வாய் வரவில்லை. ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில், 2000-ஆம் ஆண்டில், நானும் என் தம்பியும் இதையே செய்தவர்கள். அன்று கணினி என்றால் கோலாலம்பூர் இம்பி பிளாசாதான். அங்கே பழைய செலரான் 300ஏ செயலி ஒன்றை வாங்கினோம். 1998-இல் வெளிவந்த அந்தச் செயலியைத் தெரியாத கணினிப் பித்தர் அக்காலத்தில் இல்லை. அதன் பெருக்கெண் 4.5, அதை மாற்ற முடியாது. ஆனால், தாய்ப்பலகை தரும் அடிப்படைத் துடிப்பை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால், 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450 ஆகிவிடும். மலிவு விலைச் செயலி, பன்மடங்கு விலையுள்ள பெண்டியம் 2-உடன் போட்டியிட்டது. அச்செயலிகள் பலவற்றின் மேல் மலேசியாவின் பெயர் பொறித்திருந்தது. இண்டெல் நிறுவனம் 1972-இலேயே பினாங்கில் ஆலை தொடங்கியதல்லவா? வெளிநாட்டுப் பித்தர்கள் நம் நாட்டுப் பெயரைத் தேடிப் பார்த்துச் சில்லு வாங்கிய காலமது. எனக்கு அதில் சற்றே பெருமை உண்டு, இன்றும்.

ஆகவே, பிள்ளை இதில் கை வைத்ததைக் குற்றமாக நான் கருதவில்லை. அவன் பிழை வேறிடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் நானல்லர், அவனுடைய அம்மா.

சுங்கை வே தடையற்ற வாணிப வட்டாரத்தைப் பற்றி நம் பெற்றோர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1970-களில் தொடங்கி, நம் பெண்கள் எத்தனையோ பேர் அங்கே சில்லு ஆலைகளில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். மோட்டோரோலா என்று தொடங்கி, 2004-இல் ஃபிரீஸ்கேல் ஆகி, 2015-இல் என்எக்ஸ்பி என்று பெயர் மாறிய ஆலையும் அங்குதான் உள்ளது. இந்த அம்மா அவ்வட்டாரத்து ஆலை ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறார். அதுவரை சமையலறை வாசலில் பேசாமல் நின்றவர், மகனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏன்யா, எத்தனை மணி நேரம் சூட்டுல வச்சுப் பாத்த?”

பையன் விழித்தான். விண்டோஸ் திறந்தது, விளையாட்டு ஒரு மணி நேரம் ஓடியது. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆலையில் அப்படி விடுவதில்லை. சில்லுகளைச் சூடான அடுப்பில் வைத்து, வழக்கத்தைவிடக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து, மணிக்கணக்கில் இயக்கி, நலிந்தவற்றை ஒதுக்குவார்கள். ஒரே தட்டிலிருந்து வெட்டிய சில்லுகளும் ஒன்றுபோல் இரா. அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்து, சற்று இடைவெளி விட்டே வேகத்தைக் குறிப்பார்கள். ஓவர்கிளாக் செய்பவர் அந்த இடைவெளியைத்தான் எடுத்துப் பயன்படுத்துகிறார். அப்படியானால், ஆலை செய்த சோதனையையும் அவரே ஏற்றுச் செய்யத்தானே வேண்டும்?

நிலையற்ற செயலி எப்போதும் நின்றுவிடுவதில்லை, அதுதான் ஆபத்து. அது நிற்காமலே தவறாகக் கணக்கிடும். 2013-இல் எங்கள் வீட்டில் இது நடந்தது. தம்பி வேகம் கூட்டிய கணினியில் ஈராண்டுப் பயிற்றுத்தாள்களைச் சுருக்கி ஒரே கோப்பாக்கி, மூலத்தை அழித்துவிட்டேன். விரித்தபோது பாதிக்கு மேல் பிழை. அத்தனை நாளும் கணினி ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை. அக்காள் கோப்புக்கும் இதுவே காரணம் என்று அறுதியிட முடியாது. ஐயம் மட்டும் வலுவாக இருந்தது.

அன்று மாலையே பூட்டைத் திறக்கச் செய்து, பிரைம்95 என்ற இலவச நிரலை ஓடவிட்டோம். மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட நிரல் அது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் செயலியிடம் கொடுத்து, விடையைச் சரிபார்க்கும். பையனுடையது ஐ5-8600கே என்ற ஆறு கருச் செயலி. அடிப்படைத் துடிப்பு 100, பெருக்கெண் 50. ஆக 5 கிகாஹெர்ட்ஸ். இருபதாவது நிமிடத்தில் ஒரு கரு தவறான விடை தந்து விலகியது. மற்ற ஐந்தும் ஓடிக்கொண்டிருந்தன. திரையில் சலனமே இல்லை. அப்பா அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பிறகு நடந்தது நம் அறிவியல் பாடம்தான். பெருக்கெண் தற்சார்பு மாறி. வெப்பமும் பிழையும் சார்பு மாறிகள். மின்னழுத்தம், விசிறி, சோதனை நேரம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். நான்காம் ஆண்டில் நான் அவனுக்குக் கற்பித்ததை, பத்து ஆண்டு பழக்கம் உள்ளவனைப்போல் ஏட்டில் கோடு போட்டு எழுதினான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. வேகம் நிற்காவிடில் மின்னழுத்தத்தைத் தாராளமாக ஏற்றிவிடாதே. மின்செலவு மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப உயரும், வெப்பமும் அதனோடு ஏறும். நினைவகத்தைத் தனியே சோதி. இவற்றோடு நம் ஊருக்கான விதி ஒன்றும் உண்டு. குளிர்நாட்டார் இணையத்தில் எழுதிவைத்த எண்களை அப்படியே நகலெடுக்காதே. அவர்கள் அறை 20 பாகை. நம் வீட்டு முன்னறை பிற்பகலில் 32 பாகை. இரவில் தேறும் அமைப்பு பகலில் தோற்கும்.

வேகத்திற்காக மட்டும் இதைச் செய்ய விரும்புவோருக்கு, வேண்டாம் என்றே சொல்வேன். இக்காலச் செயலிகள் இடைவெளியைத் தாமே பெரும்பாலும் பயன்படுத்திக்கொள்கின்றன. 2024-இல் இண்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சில, எவரும் கை வைக்காமலே, மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. நிறுவனம் உத்தரவாதக் காலத்தை ஈராண்டு நீட்டித்தது. ஒரே கணினி உள்ள வீட்டில், பாடக் கோப்புகளுக்கு வேறிடத்தில் நகல் இல்லாமல், இதைத் தொடவே கூடாது. அந்த மட்டில் அப்பாவின் கோபம் நியாயமானது. ஆனால், பூட்டி வைப்பதால் பிள்ளை எதைக் கற்கிறான்? அம்மாவின் வேலை என்ன என்பதே அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு அன்றுதான் விளங்கியது. அவரிடம் அதற்குமுன் யாரும் கேட்டதில்லையாம்.

இப்போது பெருக்கெண் 46. சனி இரவு பன்னிரண்டு மணி நேரம் பிழையின்றி ஓடியதாகப் பையன் செய்தி அனுப்பினான். நான் வாழ்த்தினேன். அம்மா ஒப்பவில்லை. வரும் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, சன்னலைச் சாத்திவிட்டு, மீண்டும் முதலிலிருந்து ஓடவிடச் சொல்லியிருக்கிறார்.