தட்டு சாகவில்லை

கடந்த ஆண்டுத் தீபாவளி விடுமுறையில் சிம்பாங் அம்பாட்டிலுள்ள பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகள், எனக்குத் தங்கை முறை, அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மடிக்கணினி விண்டோசுக்குள் நுழையவில்லை. கடையில் கொடுத்தபோது, நிறுவல் பென் டிரைவைச் செருகிப் பார்த்திருக்கிறார்கள். திரையில் ஒரு தட்டும் தென்படவில்லை. “தட்டு செத்துவிட்டது, புதிது போடவேண்டும்” என்று சொல்லிவிட்டார்கள். இறுதியாண்டு ஆய்வேடு அதற்குள் இருந்தது. நகல் இல்லை.

நான் பயோசுக்குள் போய்ப் பார்த்தேன். தட்டின் பெயரும் கொள்ளளவும் தெளிவாக இருந்தன. பெயர் சொல்லும் தட்டும் பழுதாகியிருக்கலாம்தான். ஆனால் சோதிக்காமலேயே தூக்கி எறியலாமா?

இயங்குதளம் தட்டோடு நேராகப் பேசுவதில்லை. இடையிலுள்ள கட்டுப்படுத்தி வழியாகவே பேசுகிறது. அதற்குரிய இயக்கி இல்லையென்றால் தட்டு இருந்தும் இல்லாததுதான். மூத்த மாணவர்களுக்கு இது பழைய கதை. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பின்னாளைய சாட்டா கட்டுப்படுத்திகள் பலவற்றைத் தெரியாது. எஃப்6 விசையை அழுத்தி, நெகிழ்வட்டில் இயக்கியைக் கொடுக்கவேண்டும். 2007இல் விஸ்தா ஏ.எச்.சி.ஐ. இயக்கியோடு வந்ததும் தொல்லை ஓய்ந்ததென்று இருந்தோம். 2020இல் இன்டெலின் 11ஆம் தலைமுறைச் செயலிகளோடு வி.எம்.டி. மடிக்கணினிகளுக்கு வந்தது, பழைய கதையும் திரும்பியது.

கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து இயக்கியை இறக்கி, விரித்து, பென் டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ என்பதை அழுத்தினேன். தட்டு வந்தது. அது பூட்டப்பட்டிருந்தது, திறக்க வேண்டிய 48 இலக்க மீட்புச் சாவி அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடைத்தது. ஆய்வேட்டை நகலெடுத்த பிறகுதான் மற்ற வேலை. வி.எம்.டி.யை பயோசில் அணைத்துவிடு என்று சிலர் சொல்வார்கள். வெற்றுத் தட்டென்றால் சரி. ஏற்கெனவே விண்டோஸ் உள்ள தட்டென்றால் நீலத்திரையில் போய் நிற்கக்கூடும்.

எனக்குக் கடைக்காரர் மேல் கோபமில்லை. இன்டெல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியது 1972இல். பெரியம்மாவே தொழிற்சாலைப் பேருந்தில் பாயான் லெப்பாசுக்குப் போய்ச் சில்லுகளைச் சோதித்தவர். அவர் வீட்டில், கட்டுப்படுத்தி என்றால் என்னவென்று தமிழில் சொல்ல ஆளில்லை. நாமோ கலைச்சொல் போட்டி வைக்கிறோம். சொல்லுக்கு மதிப்பெண் உண்டு, அது செய்யும் வேலைக்கு இல்லை. அடுத்த ஆண்டு போட்டியை விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை பழுதான கணினிகளோடு பெற்றோரை அழைப்போம். அவர்கள் கண்முன்னே தமிழில் விளக்கிக்கொண்டே பழுது பார்ப்போம். பென் டிரைவ் நான் கொண்டு வருகிறேன்.