சுமையைக் குறைக்காத தலைமை

பணியிடத்தில் மன அழுத்தம் என்றதும் தலைவர்கள் நாடும் மருந்து ஒன்றே: பயிலரங்கு! ஐந்து நாள் உழைத்துக் களைத்த ஆசிரியர்களைச் சனிக்கிழமையும் மண்டபத்தில் அமர்த்தி, மூச்சை உள்ளிழுக்கவும் வெளிவிடவும் கற்பிக்கின்றனர். திங்களன்று அதே கோப்புகள், அதே காலக்கெடுக்கள், அதே நள்ளிரவுப் புலனச் செய்திகள். போதாக்குறைக்கு, பயிலரங்கு நடந்தமைக்கான அறிக்கையும் ஓர் ஆசிரியரின் தலையில்தான் விழுகின்றது. இதனை நிர்வாகம் என்பதா, நகைச்சுவை என்பதா?

அழுத்தம் என்பது தனியொருவரின் மனவலிமைக் குறைவு என்னும் எண்ணமே இத்தவற்றின் வேர். உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில், பணியால் நேரும் பெருஞ்சோர்வை நோயெனக் கூறாது, பணியைச் சார்ந்த நிகழ்வென்றே வகைப்படுத்திற்று. சரிவரக் கையாளப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவே அது என்றும் வரையறுத்தது. அவ்வாறாயின், கையாளும் கடமை பணியைப் பங்கிட்டுத் தரும் தலைமைக்கு இல்லையா?

அமெரிக்க, சுவீடன் தொழிலாளர்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்த இராபர்ட் கராசெக் 1979ஆம் ஆண்டிலேயே ஓர் உண்மையை எடுத்துரைத்தார். பணிச்சுமை மிகுந்து, அப்பணியைத் தாமே முடிவு செய்யும் உரிமை குறைந்திருக்கும் இடத்தில்தான் மன உளைச்சல் பெருகுகின்றது என்பதே அது. மலேசியாவின் சிறிய தமிழ்ப்பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். வகுப்பாசிரியர், பாடக்குழுத் தலைவர், நூலகப் பொறுப்பாளர், விளையாட்டுச் செயலாளர் என ஒருவரே பல பொறுப்புகளைச் சுமக்கின்றார். அவரிடம் அறிவிப்புப் பலகையின் நிறத்தையும் தாமே கட்டளையிடும் தலைமை வாய்த்துவிட்டால், அவர் நிலை என்னாகும்?

“மேலிடத்து ஆணை; நான் என் செய்வேன்?” என்பார் சிலர். ஆணையை மாற்ற இயலாதுதான். ஆனால், தேவையற்ற கூட்டத்தைக் கைவிடவும், ஒரே விவரத்தை மும்முறை கேளாதிருக்கவும், மாலைக்குப்பின் செய்தி அனுப்பாதிருக்கவும் எவருடைய அனுமதி வேண்டும்? சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு, ஆசிரியர்கள் தம் சொந்தத் தொலைபேசி எண்ணைப் பெற்றோருக்குத் தரவேண்டியதில்லை என்றும், பள்ளி நேரத்திற்குப்பின் வரும் செய்திகளுக்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டவரல்லர் என்றும் 2024ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. அக்கரையில் இயன்றது இக்கரையில் இயலாதோ?

திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே உண்டு. தக்கவரை ஆராய்ந்து தெளிந்தபின், பணியை அவரிடமே விட்டுவிடுக என்பது வள்ளுவர் கூறும் நிர்வாக நெறி. அதனை மேடையில் முழங்குவோர் அலுவலகத்தில் மறப்பது முறையாகுமா?

சோர்ந்த ஆசிரியரின் முன் அமர்ந்திருப்பவர்கள் நம் பிள்ளைகள். அவருடைய களைப்பின் விலையை அவர்களும் செலுத்துகின்றனர். ஆகவே தலைவர்களே, அடுத்த பயிலரங்கிற்கு நாள் குறிக்குமுன், நீங்கள் இட்ட பணிகளைப் பட்டியலிடுங்கள். எதனை நீக்கலாம் என்று ஆசிரியர்களையே கேளுங்கள். கேட்டபின் நீக்குங்கள். மூச்சுப்பயிற்சி பிறகு நடக்கட்டும். முதலில் அவர்களை மூச்சுவிட விடுங்கள்!