விரதமா, வழக்கமா?

ஆண்டுதோறும் நமது சங்கம் ஒரு சுகாதாரக் கருத்தரங்கு நடத்துகிறது. வைத்தியர் ஒருவர் வந்து சலரோகம், இரத்த அழுத்தம், மாரடைப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். நாம் கைதட்டுவோம். பின்னர் மண்டபத்தின் பின்புறம் சென்று, சீனி தாராளமாகப் போட்ட தேநீரோடு இரண்டு வடையையும் உண்டபடி அவருடைய பேச்சைப் புகழுவோம். அடுத்த ஆண்டும் அதே பேச்சு, அதே வடை. கருத்தரங்கு வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி நமக்கு முன்னரே தெரிந்ததுதான். தெரிந்ததை நாள்தோறும் செய்வதற்குத்தான் இன்னும் வழி காணவில்லை.

நம்மவர்க்கு மனவுறுதி இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. கந்தசஷ்டி ஆறு நாளும் ஒருவேளை உணவோடு இருந்து, இந்தக் குளிரில் வேலைக்கும் போய் வருபவர்கள் நம்மிடையே பலர். கேதாரகௌரி விரதத்தை 21 நாளும் குறைவின்றி நோற்பவர்களும் இருக்கிறார்கள். (சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்கள் விரதத்துக்கு முன் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நல்லது.) ஆனால் விரதத்துக்கு ஒரு முடிவுநாள் உண்டு, பாரணையோடு அது நிறைவெய்துகிறது. உடல்நலத்தையும் நாம் அவ்வாறே நடத்துவதுதான் தவறு. ஜனவரியில் தொடங்கி, நான்கு கிலோ எடை குறைந்ததும் பாரணை செய்துவிடுகிறோம்.

மறுபுறம், வெள்ளிக்கிழமையை எண்ணிப் பாருங்கள். நம் வீடுகள் பலவற்றில் வெள்ளியன்று மச்சம் சமைப்பதில்லை. அதற்காக யாரும் காலையில் எழுந்து உறுதிமொழி எடுப்பதில்லை. வெள்ளி வந்தால் மரக்கறி, அவ்வளவே. நாளே நினைவூட்டுகிறது, வீடு முழுவதும் ஒத்துழைக்கிறது, ஆசையோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை. இதுவே வழக்கம். இதை நமக்கு எந்த வைத்தியரும் கற்பிக்கவில்லை.

இதே இலண்டனில், பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு இதை ஆராய்ந்தனர். முடிவுகள் 2009ஆம் ஆண்டு வெளிவந்தன. ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தெரிந்து, அன்றாடம் நடக்கும் ஏதாவதொன்றோடு சேர்த்து 12 வாரங்கள் செய்தனர். யோசிக்காமலே செய்யும் நிலை வருவதற்கு நடுத்தர அளவில் 66 நாட்கள் பிடித்தன. சிலருக்கு 18 நாட்கள் போதும். சிலருக்கு 254 நாட்கள் வரை செல்லும் என்று கணக்கிட்டனர். தண்ணீர் குடிப்பது போன்றவை விரைவில் படிந்தன, உடற்பயிற்சி தாமதித்தது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய கெடுதல் விளையவில்லை என்பதும் தெரிந்தது. ஒருநாள் தவறினால் எல்லாம் பங்கமாயிற்று என்று கைவிட்டுவிடும் நமக்கு இது முக்கியமான செய்தி. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பலர் சொல்வது, அமெரிக்க அறுவை வைத்தியர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் எழுதிய நூலிலிருந்து பரவிய கருத்து. நம் கேதாரகௌரிக்கும் அதற்கும் தொடர்பில்லை!

நமக்கு இதில் அவசரம் அதிகம். உடல் நிறைச் சுட்டெண் 25ஐத் தாண்டினால்தான் கவலை என்பது பொதுவான கணக்கு. தெற்காசியருக்கு 23இலேயே அபாயம் கூடத் தொடங்குகிறது என்று இந்நாட்டுச் சுகாதார வழிகாட்டல் நிறுவனம் 2013இல் அறிவித்தது. அதாவது, “நீங்கள் மெலிவுதானே” என்று நாம் உபசரித்து மேலும் ஒரு அகப்பை சோறு போடும் மனிதரும் அந்த எல்லைக்குள் இருக்கக்கூடும்.

ஆகவே செயல் சிறியதாகவும், ஏற்கெனவே செய்யும் ஒன்றோடு கட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும். “தினமும் மாலையில் நடப்பேன்” என்று ஜூனில் முடிவு செய்பவர் டிசம்பரில் தோற்பார். அப்போது நான்கு மணிக்கு முன்னரே பொழுது சாய்ந்துவிடும். கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் இரவு வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்குக் காலை நடை என்ற அறிவுரை வெறும் பேச்சே. வேலைக்குப் போகும்போது ஒரு தரிப்பிடம் முன்னதாக பஸ்ஸிலிருந்து இறங்கலாம். எந்தப் பருவத்திலும், எந்த நேர வேலையிலும் அது முடியும். இரவுச் சாப்பாட்டில் முதலில் மரக்கறியைப் போட்டு, சோற்றையோ பிட்டையோ எஞ்சிய இடத்தில் போடலாம். 40 முதல் 74 வயது வரையானோர்க்கு இங்கிலாந்தில் ஐந்தாண்டுக்கொரு முறை இலவச உடற்பரிசோதனை உண்டு; அழைப்புக் கடிதம் வந்தால் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைக்காமல் அன்றே நேரம் பதிந்துகொள்ளலாம்.

கோயிலிலும் செய்ய இடமுண்டு. வாரம் தவறாமல் நாம் கூடும் இடம் வேறெது? தேநீரைச் சீனியில்லாமல் கலந்து, சீனியை மேசையின் மறு கோடியில் வைக்க வேண்டும். வேண்டியவர் போய்ப் போட்டுக்கொள்ளட்டும். அன்னதானத்தில் மரக்கறிகள் முதலிலும் சோறு கடைசியிலும் வரும்படி வரிசையை மாற்ற வேண்டும். பாயாசத்தில் நான் கை வைக்கவில்லை. வைத்தால் பொதுக்கூட்டத்தில் என் நிலை என்னவாகும் என்பது எனக்குத் தெரியும். வருபவரை மனம் குளிர உபசரிப்பதே நம் பண்பாடு, அதில் கணக்குப் பார்ப்பதா என்று மூத்தவர்கள் சிலர் கேட்பார்கள். உபசரிப்பு குறையப்போவதில்லை, பாத்திரங்களின் இடந்தான் மாறுகிறது. செலவும் இல்லை. மூன்று மாதம் இப்படி நடத்திப் பார்க்க நிர்வாக சபை அனுமதிக்க வேண்டுமென்று செயலாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். உடன்படுவோரும் மறுப்போரும் அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.