விருந்தாளி அன்பு

ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் குழந்தைகள் இல்லங்களுக்கு இரண்டு வார ஊழியமாக வந்து, பிள்ளைகளை அணைத்துப் படமெடுத்துத் திரும்பும் வெளிநாட்டவர் ஏமி கார்மைக்கேலின் வழியில் நடக்கிறார்கள் என்னும் வாதம் அவர் வரலாற்றை அறியாதது. 1895இல் இந்தியா வந்த அந்த அயர்லாந்துப் பெண்மணி, கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த சிறுமிகளுக்கு டோனாவூரில் அடைக்கலம் தந்து, தமிழ் கற்று, 'அம்மா' என்றழைக்கப்பட்டு, ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல் 1951இல் அங்கேயே இறந்தார். அவர் கல்லறையில் கல்வெட்டுப் பலகை இல்லை, பறவைகளுக்கான நீர்த்தொட்டிதான் உண்டு. பற்றுறவு, அதாவது தன்னைப் பேணுபவரிடம் குழந்தை கொள்ளும் நிலையான பிணைப்பு, பதினைந்தாம் நாள் விமானமேறுபவரிடம் ஏற்பட்டால் அறுந்துபோகவே ஏற்படுகிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைக்கிறது. அந்த விமானக் கட்டணம், வறுமையால் பிள்ளையை இல்லத்தில் விட நேரும் அம்பத்தூர்த் தாய் ஒருத்தியின் பல மாத வீட்டு வாடகை. அது கிடைத்தால் பிள்ளை அவளிடமே வளரும்.