பேஸ் கிட்டார்: நாலு ஸ்ட்ரிங் பத்தாதா பாஸ்?

6, 7 ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. ‘எல்லாம் சீன்’னு சிலர் கிண்டல் பண்றாங்க.

1951-ல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸுக்கு, டபுள் பேஸைப் போலவே 4 ஸ்ட்ரிங்தான். கிட்டாருக்கு 6 என்றால் பேஸுக்கும் 6 என்று வாதிட்ட ஆன்டனி ஜாக்சன், 1975-ல் அப்படியொன்றைச் செய்ய வைத்தார்.

லாபம் என்ன? 4 ஸ்ட்ரிங் பேஸ் சுமார் 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கீழே சேரும் ‘பி’ ஸ்ட்ரிங் 31 வரை போகும். உங்க போன் ஸ்பீக்கரில் அந்த ஆழம் கேட்காது; விரல் வேகம்தான் தெரியும். ‘சீன்’னு தோன்ற அதுவும் காரணம்.

நஷ்டமும் உண்டு. நெக் அகலமாகும், வாசிக்காத ஸ்ட்ரிங் அதிராம அடக்கணும். ஜாக்கோ பாஸ்டோரியஸ் சாதித்தது 4-லேயே! வாங்கும் முன், நீங்க வாசிக்கிற பாட்டுக்கு அந்த ஆழம் வேணுமான்னு ஹெட்போனில் கேட்டுப் பாருங்க.