எங்கள் ஊர் வலைகளும் பேச்சுப் பதிவுகளும் எங்களுக்குத் திரும்ப வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்: செயலாளர், ஊர் மீனவர் சங்கம், நெட்டுக்குப்பம், எண்ணூர்.
பெறுநர்: பண்பாட்டு ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் அலுவலர் அவர்கள், சென்னை.
பார்வை: இதே பொருள் குறித்த எங்கள் முந்தைய கடிதங்கள், பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் தலைமுறைகளாகத் தொழில் செய்யும் குடும்பங்களின் சார்பில் இம்மனு.

1. முதல் கடிதத்தில் எழுதியதையே மீண்டும் எழுதுகிறோம். தங்கள் அனுமதிக் கடிதத்தைக் காட்டி ஓர் ஆய்வுக் குழு ஊருக்கு வந்தது. எந்த நீரோட்டத்தில் எந்த மீன் வரும், இறால் வலையை எங்கே போடுவது என்று பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தது. போகும்போது பருத்தி நூலில் கையால் முடிந்து, பட்டைச் சாயம் ஏற்றி, ஓரத்தில் ஈயக் குண்டு கோத்த பழைய வீச்சு வலையையும், வலை முடியும் மூங்கில் ஊசிகளையும் வாங்கிச் சென்றது. ரசீது தரவில்லை. பிரதி அனுப்புவதாகச் சொன்னதும் சொல்லோடு போயிற்று.

இரண்டாம் கடிதம் 2023 டிசம்பருக்குப் பின் எழுதியது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு ஆற்றில் பரவி, படகும் வலையும் கருப்பேறி வீணாயின. வீட்டில் மீதமிருந்த பழைய வலைகளும் அதில் போயின. பேசிய பெரியவர்களில் சிலர் இன்று இல்லை. ஆகவே அந்தக் குழு கொண்டுபோனதுதான் எங்களுக்கு மிச்சம். அது எந்த அறையில், எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டிருந்தோம்.

அடுத்த கடிதத்தில் விதியைச் சுட்டினோம். அதையே இப்போதும் சுட்டுகிறோம். 2003-ல் யுனெஸ்கோ ஏற்ற தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு உடன்படிக்கையில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. அதன் 15-ஆம் பிரிவு, மரபை உருவாக்கிக் காத்து வழிவழியாகக் கடத்தும் சமூகங்களைப் பாதுகாப்புப் பணியிலும் மேலாண்மையிலும் பங்கேற்கச் செய்ய நாடுகள் முயல வேண்டும் என்கிறது. வலை போடும் அறிவு இந்த மரபுதான். அறிவுக்கு உரியவர்களிடம் பிரதிகூடக் கொடுக்காமல் பூட்டிவைப்பதற்குப் பெயர் பங்கேற்பு அல்ல. 15-ஆம் பிரிவைப் படித்தபின் தங்களால் வேறு என்ன பதில் தர முடியும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் அறிவு எங்களுக்கு எட்டாமல் போவது புதிதல்ல. சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றிச் சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் ஆங்கிலத்தில் எழுதினார். நூறாண்டு கடந்தும், தாத்தன் கட்டிய மரத்தைப் பற்றி அறிய எங்கள் பிள்ளைகள் ஆங்கில ஏடுகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் கீழடி அகழாய்வில் கிடைத்த பொருள்களுக்குக் கீழடியிலேயே 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்த அரசு இது. எங்களுக்குக் கட்டடம் வேண்டாம். பொருள்களின் பட்டியல், பேச்சுப் பதிவுகளின் முழுப் பிரதி, ஆய்வறிக்கையின் தமிழ் வடிவம் ஆகியவை ஊருக்கு வர வேண்டும். வலை ஊரில் இருக்க வேண்டுமா, காட்சியில் இருக்க வேண்டுமா என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். இனி வரும் எந்தக் குழுவுக்கும் ஊர்க்கூட்டத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அனுமதி தரக்கூடாது.

2. எழும்பூர் அருங்காட்சியகத்தில் மீன்பிடிக் கருவிகளின் விளக்க அட்டைகளில், அவை எந்த ஊரிலிருந்து வந்தன என்று தமிழில் எழுதப்பட வேண்டும்.

3. 1856-ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையக் கட்டடத்தில் வடசென்னை உழைப்பாளர் வரலாற்றுக்கு ஓர் அறை ஒதுக்கப் பரிந்துரைக்க வேண்டும்.

4. எண்ணூர்ப் பகுதிப் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை அருங்காட்சியகத்திற்கு இலவசமாக அழைத்துச் செல்ல ஆவன செய்ய வேண்டும்.

முதல் கோரிக்கைக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். மற்றவற்றுக்குக் காத்திருப்போம்.

இப்படிக்கு,
செயலாளர்