கிளவுடுக்கு மூட்டை கட்டும் முன்னால் அந்த நோட்டைத் தேடுங்க

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் ஷாப்போ ஷூ கம்பெனியோ நடத்துறவங்களுக்கும், அங்கே வேலைக்குப் போறவங்க வீட்டுக்காரங்களுக்கும் இந்த இழை. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபமும் இருக்கும்.

இப்போ எங்கே போனாலும் "கிளவுடுக்கு மாறுறோம் டாக்டர்" என்ற பேச்சுதான். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: ஆபீஸ் மூலையில் ஏசி போட்டு வச்சிருக்கும் சர்வரை எடுத்துட்டு, கணக்கு, ஆர்டர், சம்பளம் எல்லாத்தையும் வேறொரு நிறுவனத்தின் டேட்டா சென்டரில் வாடகைக்கு வைப்பது. நான் இதுக்கு எதிரி இல்லை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை எல்லாரும் பார்த்தோம். ஆத்தங்கரையில் தொழில் பண்ணிக்கிட்டுத் தரைத்தளத்தில் சர்வர் வச்சிருப்பது புத்திசாலித்தனம் கிடையாது. தாராளமா மாறுங்க.

எதை மூட்டை கட்டுறீங்க, எதை விட்டுட்டுப் போறீங்க என்பதில்தான் என் சண்டை.

மாறுவதற்கு முன்னால் செய்யும் முதல் வேலை கணக்கெடுப்பு. நம்மகிட்ட என்னென்ன தகவல் இருக்கு, எங்கே இருக்கு, யார் பார்க்கலாம், எத்தனை வருஷம் வச்சிருக்கணும். வர்ற சாஃப்ட்வேர்காரர் டேலி, ஏற்றுமதி ஆவணம், ஸ்டாக், பஞ்சிங் மெஷின் வருகைப்பதிவு என்று எழுதிக்கிட்டுப் போவார். தொழிலாளர் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு அதில் இருக்காது. ஏன்னா அது கம்ப்யூட்டரிலேயே இல்லை. டைம் ஆபீஸ் பீரோவில் ஒரு நீள நோட்டாகக் கிடக்கும், இல்லைன்னா லேபர் கான்ட்ராக்டர் கையில் இருக்கும். ஆபீசை ஒழிக்கும் அன்னைக்கு அது பழைய பேப்பர் கடைக்குப் போயிடும்.

இதே கம்பெனிகளிடம் ஒரு ஷூவைப் பற்றிக் கேட்டுப் பாருங்க. ஒரு கிலோ தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்பது 2015 மே முதல் ஐரோப்பிய விதி. அதனால் எந்த லாட், எந்த டிரம், எந்த லேப் ரிப்போர்ட் என்று எல்லாம் ஒரு கிளிக்கில் வந்துடும். ஜெர்மனியில் அந்த ஷூவைப் போடப்போற காலுக்கு இவ்வளவு கணக்கு! அந்த டிரம்மிலிருந்து ஈரத் தோலை இழுத்துப் போட்ட கைக்கு ஒரு வரி கிடையாது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இது என் சொந்த ஆசையும் இல்லைங்க. போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41சி என்ற பிரிவைச் சேர்த்தாங்க. அபாயகரமான ரசாயனத்தோடு வேலை செய்றவங்களின் உடல்நலப் பதிவுகளைச் சரியாக, அவ்வப்போது புதுப்பித்து வைக்கணும், அதைத் தொழிலாளியும் பார்க்க வழி இருக்கணும் என்று அது சொன்னது. குரோமியப் புண்ணை அறிவிக்க வேண்டிய நோயாகவே அந்தச் சட்டம் பட்டியலிட்டிருந்தது.

அடுத்தது வருஷக் கணக்கு. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகத்தை 8 வருஷம் வைக்கணும். சாஃப்ட்வேர்காரர் அந்த எட்டையே எல்லாத்துக்கும் போட்டுட்டா, ஒன்பதாம் வருஷம் பழசெல்லாம் தானாக அழிஞ்சிடும். வவுச்சருக்கு எட்டு போதும். நுரையீரலுக்குப் போதாது. ஆறு இணைதிறன் குரோமியத்தால் வரும் புற்றுநோய் தலைகாட்ட இருபது வருஷம்கூட ஆகலாம். அதனால்தான் அமெரிக்காவில் வேலையை விட்ட பிறகும் 30 வருஷம், பிரிட்டனில் 40 வருஷம் இந்தப் பதிவுகளை வைக்கச் சொல்றாங்க. கிளவுடில் நாற்பது வருஷத்து நோட்டுக்கு ஆகும் செலவு உங்க ஆபீஸ் டீ செலவுக்குக்கூட வராது.

"இ.எஸ்.ஐ. இருக்கே டாக்டர்" என்பாங்க. இருக்கு. என்ன மாத்திரை கொடுத்தாங்க என்பது அங்கே தெரியும். அவர் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றாரா, குரோம் டிரம்மில் நின்றாரா, ஸ்ப்ரே பிரிவில் நின்றாரா, எத்தனை வருஷம் நின்றார் என்பது கம்பெனிக்குத்தான் தெரியும். குரோமிய நோய் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலேயே இருக்கு. ஆனா அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாசமாவது இருந்ததைக் காட்டணுமே! கையெல்லாம் வெடிச்சு, மூக்கின் நடுச்சுவரில் புண்ணோடு வர்றவரிடம் நான் கேட்டா, "ஷாப்புல வேலைங்க சார்" என்பதுதான் பதில். அதை வச்சு நான் என்ன சான்றிதழ் எழுதுறது?

சரி, ஏத்துறீங்கன்னே வச்சுக்குவோம். சம்பளம் போடுறவரும் சூப்பர்வைசரும் திறந்து பார்க்கும் அதே ஃபோல்டரில் போட்டுடாதீங்க. இருமல் இருக்குன்னு தெரிஞ்சதும் ஆளை நிறுத்துற கதை நம்ம ஊரில் புதுசா? தனிநபர் தரவுக்கு 2023-ல் தனிச் சட்டமே வந்தாச்சு. மருத்துவருக்குத் தனிச் சாவி, மத்தவங்களுக்குப் பூட்டு. அதோட, கிளவுடில் போட்டா எல்லாம் பத்திரம் என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டரே தீப்பிடிச்சு எரிஞ்சது. வேறிடத்தில் நகல் வைக்காதவங்க தகவல் போனது போனதுதான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை வைரஸ் பூட்டிப் போட்டு, அத்தனை பெரிய ஆஸ்பத்திரி நாள் கணக்கில் பேப்பரும் பேனாவுமாக ஓடியது. நகல் எடுப்பது பாதி வேலை. அதை மூணு மாசத்துக்கு ஒருமுறை திரும்ப ஏத்திப் பார்ப்பதுதான் மீதி. நோட்டையும் ஸ்கேன் பண்ணின கையோட எடைக்குப் போட்டுடாதீங்க.

கான்ட்ராக்ட் ஆட்களும், வீட்டிலேயே ஷூ மேல்பாகம் தைக்கும் பெண்களும் பஞ்சிங் மெஷினிலேயே இல்லாதவங்க. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குறாங்க, அந்தக் கூலிக்கணக்கு மட்டும் எங்கேயோ ஓரமா இருக்கு. கணக்கெடுப்பில் முதல் வரியாக எழுத வேண்டியவங்க அவங்கதான்.

வீட்டில் யாராவது ஷாப்புக்குப் போறாங்கன்னா, இந்த வாரமே டைம் ஆபீசில் அவங்க மருத்துவப் பரிசோதனைப் பக்கத்தைக் கேட்டு மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. எந்தப் பிரிவில், எந்த வருஷத்திலிருந்து வேலை என்பதையும் ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வைங்க. தரமாட்டேன் என்றால், யார் சொன்னாங்க, எந்தத் தேதியில் சொன்னாங்க என்பதையும் அதே தாளில் எழுதிடுங்க.